அண்ணன் குளத்தில் விட்ட மீன்

மாருகமே, காகவா
1986 பிப்ரவரி 18

அன்புள்ள மிட்சுயோ அக்காவுக்கு,

இங்கே பிளம் பூத்துவிட்டது. அங்கே இன்னும் மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே வருகிறீர்களா? கூரைப் பனியை வாரி வாரி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று புத்தாண்டு அட்டையில் எழுதியிருந்தீர்கள். இப்போது தேவலையா? மூத்தார் எப்படி இருக்கிறார்? இங்கே நானும் உங்கள் கொழுந்தனும் சுகம், கடைத் தொட்டியில் மீன்களும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல முடியாது. எங்கள் போன் கடை நடுவில் இருக்கிறது, உங்கள் போன் மூத்தார் தலைமாட்டில் இருக்கிறது.

மார்ச் இரண்டாம் வாரம் இவர் மீன் வாங்க உங்கள் மலைக்கு வருகிறார். வருஷா வருஷம் வருகிறவர்தான். யமகோஷியில் இருக்கிற எல்லா அலங்காரக் கெண்டைப் பண்ணைக்கும் போவார். கூடப் பிறந்த அண்ணன் வீட்டுச் சந்து வந்தால் மட்டும் காரை விரட்டிக்கொண்டு தாண்டிவிடுவார். பதினோரு வருஷமாக இதே கதை. ஆனால் போன வாரம் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "அண்ணன்கிட்ட அந்தப் பழைய வம்சத்து மீன் இன்னும் இருக்கோ என்னவோ" என்றார். "அண்ணன்" என்று இவர் வாயால் சொல்லிக் கேட்டே பதினோரு வருஷம் ஆகிறது. நான் சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள் அக்கா. ஒரு மீன். இவர் ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கி, கோடை முழுக்க வளரட்டும் என்று உங்கள் குளத்தில் விட்டுவைத்த ஒரு மீன். அக்டோபரில் குளத்தை வடித்தால் அது இல்லை. மூத்தார் "கொக்கு தின்னிருக்கும்" என்றார். இவர் ஊர்க்காரர்கள் எதிரிலேயே, "கொக்கு தின்னுச்சா, இல்ல நீ வித்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அத்தை செத்தபோதுகூடச் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். நடுவில் நாம் இரண்டு பேரும் அழுதுகொண்டு நின்றோம்.

பன்னிரண்டாம் தேதி காலையில் இவர் உங்கள் பக்கத்துப் பண்ணைக்கு வருகிறார். நீங்கள் பனிவாரியோடு சந்து முனையில் நின்றால் போதும். காரை மறித்துவிடுங்கள். மீதி உங்கள் சாமர்த்தியம்.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தங்கள்
ஹருயே

*

யமகோஷி, நீகாத்தா
1986 மார்ச் 20

ஹருயே கண்ணு,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பனி இன்னும் என் தலைக்கு மேல நிக்குது, இடுப்பு பரவாயில்ல. உன்னை மாதிரி இலக்கணமா எழுத எனக்கு வராது, பேசுற மாதிரிதான் எழுதுவேன். பொறுத்துக்க.

நின்னேன்டி! காலைல ஏழு மணியிலிருந்து பனிவாரியும் கையுமா நின்னேன். ஒன்பதரைக்குக் கார் வந்துச்சு. நடு ரோட்டுல போய் நின்னுட்டேன். கண்ணாடியை இறக்கி, "அண்ணி, இடுப்பு எப்படி இருக்கு?"ன்னு கேக்கிறான். யார் சொன்னா என் இடுப்பைப் பத்தின்னு நான் கேக்கல. "உள்ள வந்து கேளு"ன்னேன்.

ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு கேப்ப. சொல்றேன். "வந்தியா." "வந்தேன்." "பனி ஜாஸ்தி." "ஆமா." பதினோரு வருஷத்துப் பேச்சு இவ்வளவுதான். அப்புறம் தொட்டிக் கொட்டகைக்குப் போனாங்க. அங்க போனதும் வாய் திறந்துச்சு, ஆனா ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் இல்ல, மீனைப் பாத்து.

உன் வீட்டுக்காரன் ஒரு மணி நேரம் குனிஞ்சே நின்னான். கடைசியில ரெண்டு வயசு மீன் ஒண்ணை வலையில எடுத்து நீலத் தொட்டியில விட்டான். வெள்ளை உடம்பு, சிவப்புத் திட்டு, முழங்கை நீளம்கூட இல்ல. எனக்கே அது சுமார்னு தெரிஞ்சுது. இவர் பொறுக்க மாட்டாம, "அதுவா? அதுக்கு வெள்ளை அழுக்கா இருக்கே. பக்கத்துல இருக்கறதை எடுரா"ன்னாரு. "இல்லண்ணே, இதுதான்"ன்னான். அவன் "அண்ணே"ன்னதும் இவர் தொட்டி விளிம்பைத் துணியால துடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம்தான் பெரிய சங்கதி. "எடுத்துட்டுப் போகல. உன் குளத்துலயே விட்டு வை. அக்டோபர்ல வர்றேன்"ன்னான். இவர் கம்பம் மாதிரி நின்னாரு. அப்புறம், "போட்டோ எடுத்துக்குவோம்"னு சொன்னாரு. உடனே படம் வர்ற கேமராவுல எடுத்து, ஆளுக்கு ஒண்ணா வச்சிக்கிட்டாங்க.

அவன் போன பிறகு, "தெக்கத்தி வெயில்ல கண்ணு கெட்டுப்போச்சு அவனுக்கு, மீன் பாக்கத் தெரியல"ன்னு திட்டிக்கிட்டே ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாரு. வழக்கமா ஒண்ணுதான்.

ஜலதோஷம் வராம பாத்துக்க.

அக்கா மிட்சுயோ

*

மாருகமே
1986 ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து தெருவெல்லாம் கிடக்கிறது. நான் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன், நடு ரோட்டில் நீங்கள் நின்றதை நினைத்து நாலு தடவையும் சிரித்தேன்.

இவர் ஊருக்கு வந்ததிலிருந்து பாட்டு முணுமுணுக்கிறார். என்ன மீன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "அக்டோபர்ல பாரு." ஏன் அந்த மீன் என்றால், "அக்டோபர்ல பாரு." போட்டோவைக் காட்டினார். சுமார் மீன்தான் அக்கா, எனக்கும் கடையில் இருபது வருஷப் பழக்கம். ஆனால் இவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. அண்ணனோடு சேர்ந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், வாய்விட்டுச் சொன்னால் எனக்குப் பயம் குறையும். இந்தத் தடவையும் அந்த மீனுக்கு ஏதாவது ஆனால் தீர்ந்தது. ஒரு தடவை தொலைந்தால் விபத்து, இரண்டாவது தடவையும் தொலைந்தால் யார் நம்புவார்கள்? அப்புறம் நம் ஆயுசில் இவர்கள் பேச மாட்டார்கள். கொக்கு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூத்தாருக்கு என் வணக்கம். குளிர் விடும் வரை காலுறையைக் கழற்றாதீர்கள்.

ஹருயே

*

யமகோஷி
1986 ஜூன் 14

ஹருயே கண்ணு,

மழைக்காலம் வந்தாச்சு, துணி காயமாட்டேங்குது. மத்தபடி எல்லாரும் சுகம். உன் முட்டி வலி எப்படி?

போன ஞாயித்துக்கிழமை குளத்துல மீன் விட்டாச்சு. மேட்டுக் குளம், மூணாவது படியில இருக்கே, அதுல. நாப்பது மீன். உங்களோடது ஒண்ணு, மீதி எங்களோடது. விட்ட நிமிஷமே எல்லாம் மறைஞ்சுபோச்சு. சேத்துத் தண்ணி, மிசோ சூப் மாதிரி. இனி அக்டோபர்ல வடிக்கற வரைக்கும் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. தீவனம் போட்டா வாய் மட்டும் தெரியும்.

உன் மூத்தாரை நீ பாக்கணும். குளத்துக்கு மேல குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டியிருக்காரு, கொக்கு இறங்காம இருக்க. முன்னெல்லாம் பத்து வரி கட்டுவாரு, இப்ப அறுபது. நான் துணி காயப்போடலாம்னு பாக்கிறேன். காலைல கரையில தொப்பியோட உக்காந்தா மத்தியானம் வரைக்கும் அசையறதில்ல. நேத்து ஒரு கொக்கு வந்து இவருக்குப் பக்கத்துலயே உக்காந்துச்சாம், இவரும் ஒரு கொக்குன்னு நெனச்சு. பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.

"ஒரு மீனுக்கு இவ்வளவு காவலா?"ன்னு கேட்டேன். "மீனுக்கா காவல் காக்கறேன்?"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு.

தண்ணி நிறையக் குடி. அவன் கிட்டயும் சொல்லு.

அக்கா மிட்சுயோ

*

மாருகமே
1986 ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது, ஏரிகளில் தரை தெரிகிறது. தண்ணீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆனாலும் சுகம். நீங்கள் கேட்ட முட்டி வெயிலுக்கு நன்றாகவே இருக்கிறது. திதிக்கு அத்தை மாமா படத்துக்கு உங்கள் சார்பிலும் ஊதுவத்தி வைத்தேன்.

ஒரு பெட்டி வந்து சேர்ந்ததா? உடோன் நூடுல்ஸ், எங்கள் ஊர்ச் சரக்கு. இவரே கடைக்குப் போய் வாங்கி, இவரே கட்டி, மேலே அண்ணன் பேரை இவரே எழுதினார். இரண்டு தாள் கிழித்துப் போட்டு மூன்றாவதில்தான் எழுத்து நேராக வந்தது.

மீன் நன்றாகத் தின்கிறதா? மூத்தார் இன்னும் கொக்கோடுதான் உட்கார்ந்திருக்கிறாரா?

பகலில் வெளியே போகாதீர்கள்.

ஹருயே

*

யமகோஷி
1986 அக்டோபர் 9

ஹருயே கண்ணு,

எல்லாரும் சுகமா? இங்க சுகந்தான். காத்துல குளிர் வந்தாச்சு.

நூடுல்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதுக்கு மன்னிச்சுக்க. அறுவடை வேலை. புது அரிசி இருவது கிலோ ரயில்ல போட்டிருக்கேன். இந்த வருஷம் நெல்லு பரவாயில்ல. காளான் அமோகம். பக்கத்துப் பண்ணைக்காரர் பொண்டாட்டியோட மலைக்குப் போய் ரெண்டு கூடை கொண்டாந்தேன். உப்புல போட்டு வச்சிருக்கேன், உனக்கும் ஒரு ஜாடி. சுத்தம் பண்ணும்போது கொஞ்சம் வெந்நீர்ல முக்கி எடுக்கணும், இல்லன்னா கசக்கும். சீமைப் பனிச்சைப் பழம் உரிச்சுக் காயறதுக்குக் கூரையடியில கட்டியாச்சு. பூனை குட்டி போட்டுருக்கு, மூணு, மூணும் ஒரே மாதிரி.

அவனை இந்த மாசமே வரச் சொல்லணும்னு இல்ல. வேலை இருந்தா நிதானமா நவம்பர் கடைசியில வரட்டும். பனி விழ ஆரம்பிச்சாலும் பாதகமில்ல. வரலைன்னாலும் பரவாயில்ல.

உடம்பைப் பாத்துக்க.

மிட்சுயோ

*

மாருகமே
1986 அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அரிசி வந்தது. நன்றி. சுகம்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். காளானுக்கு நாலு வரி, பூனைக்குட்டிக்குக்கூட ஒரு வரி உண்டு. குளம் வடித்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்டோபர் ஆறில் வடிப்பதாக மூத்தார் சொன்னார் என்று இவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

அக்கா, என்ன ஆயிற்று?

இவர் உங்கள் கடிதம் வந்ததா என்று கேட்டார். காளான் நன்றாக விளைந்ததாம் என்றேன். "மீனைப் பத்தி அண்ணன் எதுவும் சொல்லலையா?" என்றார். "மிட்சுயோ அக்காவுக்கு மீன் எல்லாம் எங்கே தெரியும்" என்று சமாளித்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இருபத்தொன்பதாம் தேதி இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

ஹருயே

*

மாருகமே
1986 அக்டோபர் 20

அக்கா,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறேன்.

ஹருயே

*

யமகோஷி
1986 அக்டோபர் 22

ஹருயே,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்ல. மூணு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டேன்.

மீன் இல்லடி.

நாப்பது விட்டோம், முப்பத்தாறு வந்துச்சு. நாலைக் காணோம். அந்த நாலுல அதுவும் ஒண்ணு. வலையைக் கரைக்கு இழுத்து ஒவ்வொண்ணா தொட்டியில போடும்போது, இவர் போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பாத்தாரு. முப்பத்தாறும் பாத்தாச்சு. வெள்ளை உடம்பு சிவப்புத் திட்டுல அந்த மீன் இல்ல. உதவிக்கு வந்தவங்க எல்லாம் போன பிறகு இவர் மறுபடி சேத்துல இறங்கினாரு. முழங்கால் வரைக்கும் புதையுது, கையால துழாவறாரு. மறுநாளும் இறங்கினாரு. மூணாம் நாள் நான் போய்க் கத்தி இழுத்துட்டு வந்தேன். "என்னைத் திருடன்னு முடிவு பண்ணிடுவான் மிட்சுயோ. பண்ணட்டும், நானே அவன் இடத்துல இருந்தா அப்படித்தான் நினைப்பேன்"னு சொல்றாரு. அன்னியிலிருந்து ஒரு கிண்ணம் சோறுகூட இறங்கல. எனக்கு அழுகையா வருது.

இன்னொண்ணு. அதே குளத்துல இவர் பத்து வருஷமா காணாத ஒரு மீன் வந்திருக்கு. வெள்ளை மேல சிவப்பு, அதுக்கு மேல கன்னங்கரேல்னு கறுப்பு. வலையில அது தெரிஞ்சதும் ஆம்பளைங்க எல்லாரும் வேலையை விட்டுட்டுச் சுத்தி நின்னுட்டாங்க. எங்க மீன்ல எதுன்னு இவருக்கே தெரியல. போட்டோ எடுக்காம இருபது முப்பது விட்டோமே, அதுல ஏதோ ஒண்ணு அமைஞ்சிருக்கு. மூணாம் தேதி ஊர்க் கண்காட்சியில வைக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. இவர், "வேணாம், அது தம்பி ரென்சோவுக்கு"ன்னுட்டாரு. "அவனோடது போச்சு. என்கிட்ட இருக்கறதுலயே எது ஒசத்தியோ அதை அவன் கையில குடுத்துட்டு, நான் நேரா நின்னு சொல்றேன்." நீ முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடாதேன்னு கேட்டுக்கச் சொன்னாரு. அவர் வாயாலதான் சொல்லணுமாம்.

எழுதாம இருந்ததுக்கு என்னைத் திட்டு. திட்டிட்டு உடம்பைப் பாத்துக்க.

அக்கா

*

மாருகமே
1986 அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

திட்ட மாட்டேன். உங்கள் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

சொல்லவில்லை. இரண்டு நாளாக வாய் வரைக்கும் வந்துவிட்டது. நேற்று இவர் புதுச் சட்டை வாங்கி வந்து, "அண்ணன் வீட்டுக்குப் போறேன்ல" என்றார். நான் கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். போகிற இடத்தில் என்ன சொல்லுவாரோ, அந்தப் பழைய நாக்கு மறுபடி நீண்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இவர் ஏதாவது பேசினால் மூத்தார் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்காக.

கடையை விட்டு நான் வர முடியாது. சாப்பிடுங்கள், அவரையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஹருயே

*

யமகோஷி
1986 அக்டோபர் 31

ஹருயே கண்ணு! ஹருயே!

சுகம், சுகம், எல்லாரும் சுகம்! அவன் இன்னும் கிளம்பல, கொட்டகையில இருக்காங்க ரெண்டு பேரும். இதை நான் அடுப்படியில உக்காந்து எழுதறேன். அவசரம், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க.

நேத்துக் காலைல இவர் நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாரு. அவன் வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "டீ அப்புறம். முதல்ல கொட்டகைக்கு வா"ன்னாரு. நானும் பின்னாடியே ஓடினேன், நீ சொன்ன மாதிரி கையைப் பிடிச்சுக்கலாம்னு.

நீலத் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு இவர் சொன்னாரு: "உன் மீன் இல்லடா. வடிச்சேன், தேடினேன், இல்ல. உன் மீன் ரெண்டாவது தடவையா என் குளத்துல போச்சு. நான் விக்கல. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். இதை எடுத்துக்க. இந்த வருஷம் என்கிட்ட இதைவிட ஒசத்தி எதுவும் இல்ல."

அவன் தொட்டிக்குள்ள பாத்தான். குந்தி உக்காந்தான். போச்சுடா, வாயைத் திறந்தா என்ன வருமோன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"அண்ணே, இதுதான் என் மீன்"ன்னான்.

"ஆமா, குடுத்துட்டேன்ல, உன்னோடதுதான்."

"அதில்லண்ணே. மார்ச்சுல நான் எடுத்தேனே, அந்த மீனே இதுதான்."

"கிண்டல் பண்றியா என்னை?" இவருக்குக் கழுத்து நரம்பு பொடைச்சுடுச்சு.

அவன் பர்ஸ்லிருந்து போட்டோவை எடுத்துத் தொட்டி விளிம்புல வச்சான். "கறுப்பை மறந்துட்டுச் சிவப்பை மட்டும் பாரு. மூக்குக்கு மேல இந்தத் துளி. தோள்ல இருக்கற பெரிய திட்டு நடுவுல கறுப்பு வந்து ரெண்டாப் பிரிச்சிருக்கு. வால்கிட்ட இது. பாரு." இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முட்டி போட்டாரு. போட்டோவைப் பாக்கறாரு, மீனைப் பாக்கறாரு, போட்டோவைப் பாக்கறாரு. "இந்தக் கறுப்பு எங்கிருந்துடா வந்துச்சு?"

"மார்ச்சுலயே இருந்துச்சு. தோலுக்கு அடியில, லேசா, நீலம் பூத்த மாதிரி. அழுக்கு வெள்ளைன்னு சொன்னியே, அதுதான். சேத்துல நாலு மாசம் கிடந்தா மேல வரும்னு நெனச்சேன்."

"நீ பாத்தியா அதை?"

"பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா எனக்கு வித்திருப்பியா?"

இவர் யோசிச்சாரு. நிஜமாவே யோசிச்சாரு, ஹருயே. "மாட்டேன்"னாரு.

சிரிச்சாங்க பாரு, ரெண்டு பேரும், கொட்டகை அதிர்ந்துச்சு. எனக்கு மட்டும் கோவம் வந்துடுச்சு. "சிரிக்கிறியா நீ? வாயில என்ன ஒட்டிக்கிற அரிசி மோச்சியா வச்சிருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மனுஷன் மூணு நாள் சேத்துல துழாவியிருப்பாரா?"ன்னு பனிக்காலத்துக்குச் சேத்து வச்சிருந்த வசவெல்லாம் கொட்டிட்டேன். அவன் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டான். வாங்கறவன் மீனோட நல்லதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான், விக்கறவன் கெட்டதைச் சொல்ல மாட்டான், என்ன தொழிலோ இது!

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். இவர் ரெண்டாவது கிண்ணத்தை வாங்கினாரு, எனக்குச் சந்தோஷம். திடீர்னு கையை நிறுத்திட்டாரு. எழுந்து உள்ள போனாரு. அலமாரியை உருட்டற சத்தம். பழைய அட்டைப்பெட்டியோட வந்தாரு.

"அன்னிக்குத் தொலைஞ்சதும் இதே வம்சம்"னாரு. அந்தப் பழைய மீனோட போட்டோவை எடுத்து வச்சாரு, வெள்ளையும் சிவப்பும். அப்புறம் இன்னொரு போட்டோ. அதே வருஷம் நவம்பர்ல நகோயாக்காரர் ஒருத்தருக்கு இவர் வித்த மீன். வெள்ளை, சிவப்பு, கறுப்பு. அந்த மீனை நினைச்சு இவர் எவ்வளவு பெருமைப்பட்டாருன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. எனக்கு மீன் தெரியாது. எனக்கே தெரிஞ்சுது. கறுப்பை எடுத்துட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணு.

இவர் முகத்தை என்னால பாக்க முடியல. "வித்திருக்கேன்டா. உன் மீனை நான்தான் வித்திருக்கேன். எனக்குத் தெரியாமலே வித்திருக்கேன். நீ அன்னிக்குக் கேட்டது சரிதான்"னு சொல்லி, ரெண்டு கையையும் பாயில ஊனி, நெத்தி தரையில படக் குனிஞ்சாரு. அறுபத்திரண்டு வயசு மனுஷன், தம்பி முன்னால.

ரென்சோ பதறிப்போய், "எந்திரிண்ணே, எந்திரி! மீனைப் பத்தி நான் சொன்னது சரி. உன்னைப் பத்திச் சொன்னேனே, அதுக்கு நான்தான் விழணும்"னு அவனும் குனிஞ்சான். ரெண்டு மண்டையும் நடுவுல முட்டிக்கிட்டு ஊறுகாய்த் தட்டு கவுந்துச்சு. நான் அழுதுக்கிட்டே பொறுக்கினேன், சிரிச்சுக்கிட்டே பொறுக்கினேன். பதினோரு வருஷம், ஹருயே! அத்தை இதைப் பாக்காமப் போயிட்டாங்களேன்னு ஒண்ணுதான் வருத்தம்.

கூப்பிடறாங்க, டீ வேணுமாம். நல்லாச் சாப்பிடு, நல்லாத் தூங்கு.

உன் அக்கா மிட்சுயோ

*

மாருகமே
1986 நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம் என்பதை இன்றைக்கு நான் மரியாதைக்காக எழுதவில்லை. உங்கள் கடிதத்தைக் கடை நடுவில் நின்று படித்தேன். ஊறுகாய் கவிழ்ந்த இடத்தில் வாய்விட்டு அழுதுவிட்டேன், தங்கமீன் வாங்க வந்த அம்மாள் பயந்து போய்விட்டார்.

இவர் முந்தாநாள் வந்து சேர்ந்தார். நெற்றியில் சின்ன வீக்கம். நடந்ததை மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் மீனின் நீளம் நாலு விரல் கூடுகிறது. அரிசிப் பானைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "தெரிஞ்சும் சொல்லாமலா புதுச் சட்டையை மடிச்சு வச்சே?" என்றார். "உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்" என்றேன்.

ஆனால் அக்கா, வெறுங்கையோடு வந்திருக்கிறீர்களே என்று கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் அண்ணன் குளத்துலயே வளரட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

"புதுப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தீர்களா?"

"எதுக்கு?"

"எதுக்கா? மறுபடி உரு மாறினால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தன்னோட மீனுன்னு நெனச்சப்பவே அதை எனக்குன்னு எடுத்து வச்சவருடி அண்ணன். எனக்கு எதுக்குப் போட்டோ?" என்றார்.

சோறு போட்டேன்.

அங்கே பனி தொடங்கியிருக்கும். இந்த வருஷம் கூரை ஏறாதீர்கள், பனி வார ஜனவரியில் இவர் வருகிறார். மூத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்
ஹருயே